தஞ்சாவூர் ராஜாக்களை எந்தக் கட்டத்தில் போடுவது? ஆர்க்கிகோஸ் தரவுத்தொகுப்பு பற்றிச் சில குறிப்புகள்

ஒரு நாட்டின் தலைவர் எப்படிப் பதவிக்கு வந்தார், எப்படிப் போனார், போன பிறகு என்ன ஆனார்? இந்த மூணு கேள்விக்கும் உலகம் முழுக்க ஒரே அட்டவணையில் பதில் எழுதி வைத்திருக்கும் தரவுத்தொகுப்பு ஒன்று இருக்கு. பெயர் ஆர்க்கிகோஸ். கிரேக்க மொழியில் தலைவர் என்று அர்த்தம். கோமன்ஸ், கிளெடிட்ஷ், கியோட்சா என்ற மூன்று அரசியல் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. 2009-ல் இதை ஆய்வு இதழில் அறிமுகப்படுத்தினார்கள். அப்போது 1875 முதல் 2004 வரை இருந்தது. பின்னால் 2015 வரை நீட்டினார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான தலைவர்கள் இதில் இருக்காங்க.

முதலில் பாராட்டைச் சொல்லிடறேன், ஏன்னா பின்னாடி குறைதான் நிறைய வரப்போகுது. இதுக்கு முன்னாடி இருந்த பட்டியல்கள் பெரும்பாலும் நாட்டைத்தான் எண்ணின. இது குடியாட்சியா, சர்வாதிகாரமா என்று நாட்டுக்கு ஒரு மதிப்பெண். ஆர்க்கிகோஸ் ஆளை எண்ணுகிறது. வந்த தேதி, போன தேதி, நாள் கணக்கில். சில வாரமே இருந்தவருக்கும் தனி வரிசை உண்டு. பெயருக்கு ராஜா ஒருத்தர், அதிகாரம் இன்னொருத்தர் கையில் என்றால், அதிகாரம் யாரிடமோ அவரைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. அதனால்தான் நாடாளுமன்ற ஆட்சி உள்ள இடத்தில் பிரதமர் வருகிறார், கம்யூனிஸ்ட் நாட்டில் கட்சிச் செயலாளர் வருகிறார்.

வந்த விதத்துக்கு மூணு கட்டம்: முறைப்படி, முறை மீறி, வெளிநாடு கொண்டுவந்து உட்காரவைத்தது. போன விதத்துக்கும் அதே மூணு, கூடவே இயற்கை மரணம், உடல்நலக் குறைவு மாதிரி சில. போன பிறகு ஒரு வருஷத்துக்குள் என்ன ஆனார் என்பதற்கு நாலு: நலமாக இருந்தார், நாடு கடந்து போனார், சிறை (வீட்டுக்காவலும் இதில்தான்), கொல்லப்பட்டார்.

இந்தியாவுக்கு இது அழகாகப் பொருந்துது. நேரு 1964 மே 27, இயற்கை மரணம். சாஸ்திரி 1966 ஜனவரி 11, அதுவும் இயற்கை மரணம். இந்திரா காந்தி ரெண்டு தடவை வருகிறார். 1977-ல் தேர்தலில் தோற்று முறைப்படி வெளியே போகிறார். 1984-ல் கொலை. ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் எனக்கு வந்தது நான் ஊர்ப்பக்கம் திரும்பினப்போதான்.

ஒரு படிவம் சரியா இருக்கான்னு பார்க்க எளிய வழி, அதை உருவாக்கினவங்க மனசில் இல்லாத ஒரு ஆளை அதில் நிரப்பிப் பார்ப்பது. நான் தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்களை எடுத்துக்கிட்டேன். இது ஒரு வகையில் அநியாயம்தான். ஆர்க்கிகோஸ் 1875-ல் தொடங்குது, தஞ்சாவூர் ராஜ்யம் 1855-லேயே முடிஞ்சுபோச்சு. ஆனா அந்த இருபது வருஷ இடைவெளியும் தற்செயல் இல்லை. அதைக் கடைசியில் சொல்றேன்.

முதல் வரிசை, கதைக்கு முன்கதை. 1673-ல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சைக்கு வந்தது. விஜயராகவ நாயக்கர் போரில் இறந்தார். போன விதம், வெளி அரசு. கதி, மரணம். சுலபம். மதுரை தன் ஆளாக அழகிரியை உட்காரவைத்தது. வந்த விதம், வெளி அரசு. இதுவும் சுலபம். ஆனா அழகிரி உட்கார்ந்த கையோடு மதுரைக்கே அடங்க மறுத்தார். அந்த நேரத்தில் தஞ்சை நாயக்கர் வாரிசுக்குச் சிம்மாசனத்தை மீட்டுத்தர பீஜப்பூர் சுல்தான் அனுப்பிய தளபதி வெங்கோஜி, சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன். மீட்டார். 1676 வாக்கில் வாரிசைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார்.

வெங்கோஜி வந்த விதம் என்ன? வெளிநாடு உட்காரவைத்ததா? பீஜப்பூர் அவரை உட்காரச் சொல்லலையே. முறை மீறியதா? அப்படின்னா உள்ளூர்க் கலகக்காரர் என்று அர்த்தமாகும், அவரோ வெளி அரசின் சேனாபதி. கட்டம் இங்கேயே ஆட ஆரம்பிச்சிடுச்சு.

அடுத்து 1736 முதல் 1739 வரை. துக்கோஜி இறந்து பிரதாப சிங் உட்காரும் வரையிலான மூணு வருஷத்தில் இரண்டாம் ஏகோஜி, அவர் மனைவி சுஜான் பாய், அரச வம்சம் என்று சொல்லிக்கொண்டு வந்த ‘காட்டு ராஜா’, பிறகு சாயாஜி என்று வரிசையாக வந்து போனார்கள். இந்தக் காலத்தில் கோட்டைத் தளபதி சையதுதான் ராஜாக்களை ஏற்றி இறக்கியவர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. ‘அதிகாரம் யாரிடமோ அவரை எழுது’ என்ற விதிப்படி பார்த்தால், நாலு ராஜாவையும் அடிச்சிட்டு சையது பெயரைத்தான் எழுதணும். ஆனா சையது ஒருநாளும் சிம்மாசனத்தில் உட்காரலை.

சாயாஜியின் கதி இன்னும் சுவாரசியம். 1739-ல் பதவி போச்சு. ஒரு வருஷக் கணக்குப்படி பார்த்தா உயிரோட இருந்தார், ஊரைவிட்டுப் போனார், அவ்வளவுதான். ஆனா பத்து வருஷம் கழிச்சு அவரை மறுபடி ராஜாவாக்கப்போறோம்னு சொல்லி ஆங்கிலக் கம்பெனி தஞ்சாவூர் மேல் படையெடுத்தது. 1749-ல் கொள்ளிட முகத்துவாரத்தில் இருக்கும் தேவிக்கோட்டையைப் பிடித்தது. பிரதாப சிங் ‘தேவிக்கோட்டையை நீங்களே வச்சுக்கோங்க’ என்றதும் கம்பெனி சாயாஜியை மறந்துவிட்டது. அவருக்கு ஒரு பென்ஷன், அதோடு சரி. பதவி இழந்த ராஜா என்பவர் ஒரு வருஷத்தில் முடிந்துபோகும் ஆள் இல்லை. யாராவது ஒருத்தர் பையில் பத்து வருஷம்கூட சீட்டாகக் கிடக்கலாம். ஒரு வருஷ எல்லை வசதிக்காக வைத்தது, புரியுது. ஆனா அந்த வசதிக்கு விலை இது.

இப்போ பெரிய வரிசைக்கு வருவோம். துளஜாஜி.

1773 செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை விழுந்தது. துளஜாஜி சிறை. நாடு ஆற்காட்டு நவாப் முகமது அலி கைக்குப் போனது. போன விதம், வெளி அரசு. கதி, சிறை. அட்டவணை இங்கே தடுமாறாது. ஆனா எந்த வெளி அரசு? கோட்டையை உடைத்தது கம்பெனிப் படை. படையைக் கேட்டது நவாப். நவாப் எதற்குக் கேட்டார்? அவர் தலைக்கு மேல் கடன். கடன் கொடுத்தவர்கள் சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள், அதில் பலர் கம்பெனியின் சொந்த உத்தியோகஸ்தர்கள். கடனுக்கு அடமானம் தேவை. காவிரி டெல்டாவின் நெல்லைவிட நல்ல அடமானம் தென்னிந்தியாவில் அப்போ எது?

அதாவது துளஜாஜியை இறக்கியது ஒரு நாடு இல்லை, ஒரு கடன் பத்திரம். அதற்கு ஆர்க்கிகோஸில் கட்டம் கிடையாது.

லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு இது பிடிக்கலை. ராஜாவைத் திரும்ப உட்காரவைக்க உத்தரவு வந்தது. சென்னை கவர்னர் பிகட் பிரபு 1776 ஏப்ரலில் துளஜாஜியை மறுபடி சிம்மாசனத்தில் ஏற்றினார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், தஞ்சாவூர் வருமானத்தின் மீதும் அங்குள்ள ஆட்கள் மீதும் தனக்கு 2,30,000 பவுண்டுக்கும் மேல் பாக்கி இருக்கு, நிலத்தில் நிற்கிற பயிரே எனக்கு ஈடு என்று வந்து நின்றார். பிகட் மறுத்தார். கவுன்சில் பெரும்பான்மை பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்தது. தகராறு முற்றி 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னரையே கைது செய்துவிட்டார்கள். பிகட் காவலிலேயே 1777 மே 11 அன்று இறந்துபோனார்.

வேடிக்கை என்னன்னா, ஆர்க்கிகோஸ் கட்டங்களில் அச்சுப் பிசகாமல் உட்காருவது பிகட்தான். போன விதம், முறை மீறி. ஒரு வருஷத்துக்குள் சிறை, சிறையிலேயே மரணம். ஆனா பிகட் நாட்டுத் தலைவர் இல்லை, ஒரு வியாபாரக் கம்பெனியின் சம்பளக்காரர். அதனால் இந்த மாதிரிப் பட்டியலில் அவருக்கு இடமே வராது. ஒரே நெல் விளைச்சலைச் சுற்றி ஒரு ராஜாவும் ஒரு கவர்னரும் விழுந்திருக்காங்க, அட்டவணை ஒருத்தரைத்தான் பார்க்கும்.

அடுத்தது ‘முறைப்படி’ என்ற சொல். எனக்கு இதில்தான் முக்கியமான சண்டை.

துளஜாஜி 1787-ல் சாகும் தறுவாயில் சரபோஜியைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து சாஸ்திரப்படி செல்லுமா என்று கம்பெனி பண்டிதர்களைக் கேட்டது. செல்லாது என்று சொன்னார்கள். துளஜாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங் ராஜா ஆனார். சிறுவன் சரபோஜிக்குப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் காவலாக நின்றார். அப்புறம் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். கொஞ்ச வருஷம் கழித்து மறுபடி பண்டிதர்களைக் கேட்டார்கள். இந்தத் தடவை தத்து செல்லும் என்று பதில் வந்தது. 1798-ல் அமர்சிங் இறங்கினார், சரபோஜி ஏறினார். அமர்சிங் பென்ஷனோடு திருவிடைமருதூரில் போய் உட்கார்ந்தார்.

இதில் எது முறைப்படி, எது முறை மீறி? 1787-ம் சாஸ்திரப்படிதான். 1798-ம் சாஸ்திரப்படிதான். கையில் எழுத்துபூர்வமான தீர்ப்பு ரெண்டு தடவையும் இருக்கு. விதிகளும் வழக்கங்களும் பின்பற்றப்பட்டனவா என்பதுதான் ஆர்க்கிகோஸின் உரைகல். ஆனா விதி என்ன சொல்லுதுன்னு யாரைக் கேட்பது, எப்போ கேட்பது, எந்தப் பதில் வரும்வரை கேட்பது? இதெல்லாம் ஒருத்தர் கையில் இருந்தா, முறை என்பது அவர் செய்து கொடுக்கிற பண்டம்.

பழைய கதைன்னு ஒதுக்கிட முடியாது. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றைய தஞ்சை ஜில்லாவின் திருக்குவளைக்காரர். அரசியலமைப்பின் 356-வது பிரிவின்படி நடந்தது. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி போனதும், 1991-ல் மறுபடி கருணாநிதி ஆட்சி போனதும் அதே பிரிவில்தான். மாநில முதல்வர்களுக்கு ஆர்க்கிகோஸ் மாதிரி ஒன்று செய்தால் இந்த மூன்றுக்கும் ‘முறைப்படி’ என்றுதான் போடணும். எம்.ஜி.ஆர். 1987-ல் பதவியிலேயே இறந்தாரே, அந்த மாற்றமும் இவையும் ஒரே ரகமா? கலைக்கப்பட்டவரைக் கேட்டா என்ன சொல்லுவார்?

நாலாவது சிக்கல், போகாமலே போவது. சரபோஜி 1798-ல் உட்கார்ந்தார், 1832-ல் இறந்தார். பட்டத்தில் 34 வருஷம், இயற்கை மரணம். ஆனா 1799 அக்டோபர் 25 அன்று போட்ட உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுவட்டமும், வருஷம் ஒரு லட்சம் வராகன், கூடவே நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ‘அதிகாரம் யாரிடமோ அவர்’ என்ற விதிப்படி சரபோஜியின் ஆட்சி ஒன்றரை வருஷம்கூட இல்லை. இறக்கப்படவும் இல்லை, ராஜினாமா செய்யவும் இல்லை, சிம்மாசனத்திலேயே உட்கார்ந்தபடி பதவி போச்சு. எந்தக் கட்டம்?

அந்தப் பதவியில்லாத காலத்தில்தான் சரஸ்வதி மகாலை அவர் இவ்வளவு பெரிசா வளர்த்தார். 1803-ல் பெரிய கோயிலின் தென்மேற்குப் பக்கச் சுவரில் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராட்டியில் வெட்டவைத்ததும் அப்போதுதான். யார் வந்தார், யார் போனார் என்ற ஒரு வம்சப் பட்டியல், கல்லில். தன் தத்தே செல்லுமா செல்லாதா என்று பதினோரு வருஷம் இழுபறியில் கிடந்த ஒரு மனுஷன், ஆட்சியைக் கொடுத்த நாலாவது வருஷம் அதைச் செய்திருக்கார். என் ஊகம்தான், ஆனா பட்டியல் போடுறவனுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பங்கு இருக்குங்கிறதை அந்தச் சுவர் நல்லாவே சொல்லுது.

கடைசி வரிசை. சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். போன விதம், இயற்கை மரணம். அட்டவணைப்படி இதைவிட அமைதியான வெளியேற்றம் இருக்க முடியாது. உண்மையில் போனது ராஜா மட்டும் இல்லை, சிம்மாசனமே போச்சு. கம்பெனி அரண்மனைச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இது ஓர் அரசு இன்னோர் அரசின் மீது செய்த காரியம், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்பது தீர்ப்பு. ‘அரசின் செயல்’ என்ற அந்தக் கொள்கைக்கு இன்றைக்கும் சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கைக் காட்டுவாங்க. ஒரு பதவியே ஒழிக்கப்பட்டதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் வேணுமா? அட்டவணையில் இருக்கப்போவது ‘இயற்கை மரணம்’.

இப்போ ஆர்க்கிகோஸ் பக்கம் நின்று பேசிப் பார்க்கிறேன். ‘நாங்க சுதந்திர நாடுகளை மட்டும்தான் எடுத்தோம், 1875-க்கு அப்புறம்தான் எடுத்தோம். இதை வெளிப்படையாவே சொல்லியிருக்கோம். தஞ்சாவூரைக் கொண்டுவந்து எங்க தலையில் கட்டினா எப்படி?’ நியாயமான பதில். மூவாயிரம் பேரை ஒரே அளவுகோலில் அளக்கணும்னா கட்டங்கள் கரடுமுரடாத்தான் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நாவல் எழுத முடியாது. அந்தக் கட்டங்கள் இல்லாட்டி, நான் மேலே கேட்ட கேள்விகளே எனக்குத் தோணியிருக்காது என்பதும் உண்மை.

ஆனா தரவு அலமாரியிலேயே இருந்துடறதில்லையே. இதை வைத்து முடிவுகள் வருது. கியோட்சாவும் கோமன்ஸும் 2011-ல் எழுதின புத்தகத்தின் வாதம் இது: பலவந்தமாக இறக்கப்படுவோம் என்று பயப்படும் தலைவர் போருக்குப் போகும் வாய்ப்பு அதிகம், தேர்தல் மாதிரி முறைப்படி இழக்கப்போகிறவருக்கு அந்தத் தூண்டுதல் இல்லை. நல்ல வாதம், கவனமான வேலை. ஆனா இது ‘தலைவர்கள்’ பற்றிய பொது உண்மையா? அட்டவணை தொடங்கும் 1875-ல் தஞ்சாவூர், அயோத்தி, நாக்பூர், பஞ்சாப் எல்லாம் ஏற்கெனவே விழுங்கப்பட்டாச்சு. இந்தியாவின் முதல் வரிசையே 1947-ல்தான். ஆக, இந்த அட்டவணையில் இருப்பவர்கள் விழுங்கப்படாமல் தப்பியவர்கள், அல்லது துப்பப்பட்ட பிறகு வந்தவர்கள். இறக்கப்படும் பயம் இருந்தும் போருக்குப் போகாமல், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்ட சரபோஜி மாதிரி ஆட்கள் பெரும்பாலும் வெளியே நிக்கிறாங்க. மாதிரியை எங்கே வெட்டுகிறோம் என்பது முடிவையும் கொஞ்சம் வெட்டும்.

இன்னொரு விஷயம், எனக்கு எல்லாத்தையும்விடப் பெரிசாப் படுவது. டெல்டாவில் பழைய ஆட்கள் கெட்ட காலத்துக்கு உவமை சொல்லணும்னா ‘ஐதர் கலாபம்’ என்பாங்க. 1781 வாக்கில் ஐதர் அலியின் படை டெல்டாவுக்குள் இறங்கியது. கிராமங்கள் காலியாச்சு, விளைச்சல் படுத்துப்போச்சு, ஜனங்க பட்டினியில் சிதறினாங்க. கோட்டைக்குள் பஞ்சம் வந்தப்போ ராஜா பேச்சையும் நம்பி, கம்பெனி பேச்சையும் நம்பி ஒரு குடியானவனும் நெல் கொண்டுவரலை. ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பணத்துக்குத் தான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் வண்டி கட்டினாங்க. ஆட்சி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நேரான அளவு எது?

அந்த வருஷம் அட்டவணையில் என்ன நடந்தது? ஒண்ணும் இல்லை. துளஜாஜி 1776-ல் திரும்ப வந்தார், 1787-ல் இறந்தார். நடுவில் வெற்று இடம். ராஜா மாறலை, அதனால் பதிவு இல்லை.

அதனால் என் யோசனை ஒன்றே ஒன்று. வந்த விதம், போன விதம், போன பின் கதி என்ற மூன்றோடு நாலாவதாக ஒரு கட்டம் வேணும்: அடுத்த அறுவடையின் மேல்வாரம் யார் கைக்குப் போச்சு? மேல்வாரம் என்றால் அரசின் பங்கு, குடிவாரம் உழுகிறவன் பங்கு. தஞ்சாவூருக்கு இதை நிரப்பிப் பாருங்க. 1773: நவாப் வழியாகக் கடன்காரர்களுக்கு. 1776: ராஜாவுக்கா பென்ஃபீல்டுக்கா என்று வழக்கு, அதில் ஒரு கவர்னர் பலி. 1781: வாரம் பிரிக்க நெல்லே இல்லை. 1787, 1798: ராஜாவுக்கு, ஆனா கம்பெனி பாக்கி போக. 1799: கம்பெனிக்கு, ராஜாவுக்கு அஞ்சில் ஒண்ணு. 1855: முழுசும் கம்பெனிக்கு. மூணு கட்டம் சேர்ந்து சொல்லாததை இந்த ஒரு கட்டம் சொல்லிடுது.

உலகத்துக்கும் இதைப் பொதுவாக்கலாம். நெல்லுக்குப் பதில் வரி, சுங்கம், எண்ணெய், கடன் தவணை என்று எழுதினால் போதும். 1879-ல் எகிப்தின் இஸ்மாயில் பாஷாவை ஒட்டோமான் சுல்தான் ஒரு தந்தியில் நீக்கினார். காகிதத்தில் மேலதிகாரி கீழதிகாரியை நீக்கியது, பின்னால் நின்றது பிரிட்டன், பிரான்ஸ் கடன்காரர்கள். பக்கத்திலேயே இலங்கை. 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை, நெல் விளைச்சல் சரிவு, 2022 ஏப்ரலில் வெளிக்கடன் கட்ட முடியாது என்ற அறிவிப்பு, ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனக்கூட்டம். கோட்டாபய ராஜபக்ச 13-ம் தேதி நாட்டைவிட்டுப் போய், சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார். நாடாளுமன்றம் முறைப்படி வாக்களித்து அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது. செப்டம்பரில் அவரே திரும்பியும் வந்துவிட்டார். முறைப்படியா, முறை மீறியா? கதி, நாடு கடந்தாரா, நலமா? தரவுத்தொகுப்பை 2022 வரை யாராவது நீட்டினால் இந்த வரிசையில் பேனா நிச்சயம் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆர்க்கிகோஸைத் தூக்கிப்போடச் சொல்லலை. நான் இன்னும் அதைப் பயன்படுத்தத்தான் போறேன். ஆனா ‘இயற்கை மரணம்’, ‘முறைப்படி’ என்று அமைதியாக இருக்கும் வரிசைகளைப் பார்க்கும்போது, அந்த வருஷம் களத்துமேட்டில் நெல்லை யார் அளந்தாங்க என்று ஒருதடவை கேட்டுக்கொள்வேன். கலவர வரிசைகளை எப்படியும் எல்லாரும் பார்ப்பாங்க.